மெட்டிக்கு இடம் விட்ட காலுறை

கர்ப்பமாக இருந்த எனக்கு, கால் வீங்காமல் இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறையை விற்க அந்தக் கடைக்காரர் முதல் நாள் மறுத்துவிட்டார்.

இரவுப் பணி முடிந்து, கையில் காலி டிபன் பையோடு, மதுரை பனகல் சாலையில் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்த சர்ஜிக்கல் கடையில் போய் நின்றேன். பணத்தைக்கூட எண்ணி வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். என் காலைப் பார்த்துவிட்டு, "கணுக்காலை நீங்களே ஒரு தடவை விரலால் அழுத்திப் பாருங்கள் சிஸ்டர்" என்றார். அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. "இப்போது அளந்தால் வீக்கத்துக்குத்தான் காலுறை கிடைக்கும், காலுக்குக் கிடைக்காது. நன்றாகத் தூங்குங்கள். எழுந்து தரையில் கால் வைக்கும் முன்னால் அளந்து, ஒரு சீட்டில் எழுதி எடுத்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

ஒன்பது வருடமாக அடுத்தவர் கால் வீக்கத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருக்கிறவள் நான். எனக்கு அது தோன்றவே இல்லை. பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது.

ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் செவிலியராக இருக்கிறேன். 24 படுக்கை, இரவில் இரண்டு பேர். காலை 7 முதல் 2, மதியம் 2 முதல் 8, இரவு 8 முதல் மறுநாள் காலை 7 வரை. எலும்பு வார்டு என்றால் என்னவென்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நோயாளி யாரும் தானாக எழமாட்டார். பெட்பேன் வைக்க, புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க, மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கிவைக்க, எல்லாவற்றுக்கும் நம் இடுப்புதான். 70 கிலோ மனிதரின் ஒரு கால் மட்டுமே 11 கிலோவுக்கு மேல் இருக்கும். மாவுக்கட்டு அதற்கு மேல் தனி. முதல் பிள்ளையைச் சுமந்தபோது புறநோயாளிப் பிரிவில் நாற்காலியில் இருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு இந்த வார்டு. நான்காம் மாதத்திலேயே கால் கனக்கத் தொடங்கிவிட்டது. இடது முழங்காலுக்குப் பின்னால் நரம்பு சுருட்டி நின்றது. (நரம்பு என்று நாமெல்லாரும் சொல்கிறோம், உண்மையில் அது இரத்தக் குழாய்.)

கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடிவிடுகிறது. ஹார்மோன்கள் குழாய்ச் சுவரைத் தளர்த்துகின்றன. வளரும் கர்ப்பப்பை இடுப்புக்குள் இருக்கும் பெரிய குழாய்களை அழுத்துகிறது. இப்படி மேலே ஏற வழியில்லாமல் காலில் தேங்கும் இரத்தத்தோடு நாம் பதினொரு மணி நேரம் நிற்கிறோம். இதற்காக நான் வாங்கிய பொருள்கள் நான்கு. மொத்தம் 6,500 ரூபாய்க்கு மேல் ஆனது. அதில் 649 ரூபாய் முழுக்க வீண், 780 ரூபாய் பாதி வீண்.

முழுக்க வீணானது இணையத்தில் வாங்கிய முதல் காலுறை. பெட்டியில் ஒரு வெளிநாட்டுக் கர்ப்பிணி சிரித்துக்கொண்டிருந்தாள். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே அளவு. என் செருப்பு அளவைப் பார்த்து நடுத்தரம் வாங்கினேன். அங்கேதான் தவறு. இந்தக் காலுறைக்குப் பாதத்தின் நீளம் முக்கியமில்லை, காலின் சுற்றளவுதான் முக்கியம். முதல் நாள் பணியில் மூன்று மணி நேரத்தில் மேல்விளிம்பு சுருண்டு முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியதுபோல் இறுகிவிட்டது. டிரிப் போடுமுன் கையில் கட்டுவோமே டூர்னிக்கே, அதேதான். இரத்தம் மேலே ஏறட்டும் என்று வாங்கிய பொருள் இரத்தத்தை மறித்தது. கழற்றிப் பார்த்தால் சிவப்பாக ஒரு வளையம்.

எவ்வளவு இறுக்கம் என்பதற்குப் பெட்டியில் 'கிளாஸ் 2' என்று மட்டும் இருந்தது, எண் இல்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன்: வகுப்பு என்பது ஊருக்கு ஊர் மாறும். கணுக்காலில் 18 முதல் 21 மி.மீ. பாதரச அழுத்தம் தருவது ஜெர்மன் கணக்கில் முதல் வகுப்பு. அதே காலுறை பிரிட்டிஷ் கணக்கில் இரண்டாம் வகுப்பு. நாம் இரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகுதான் இது. எனவே வகுப்பைக் கேட்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். எண் அச்சிடாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. "அறுவை சிகிச்சை நோயாளிக்குப் போடும் வெள்ளைக் காலுறை ஸ்டோரில் ஒரு ஜோடி கூடுதலாக இருக்கிறது, போட்டுக்கொள்" என்றாள் தோழி. இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்குப் போட்டுவிடுவோமே, அது. ஒரு நாள் போட்டேன். கனம் துளியும் குறையவில்லை. அது படுத்திருக்கிறவருக்காகச் செய்தது. படுத்த காலுக்குப் போதுமான அழுத்தம் நிற்கிற காலுக்குப் போதாது. ஆயிரம் தடவை மற்றவர்களுக்குப் போட்டுவிட்ட பொருளைப் பற்றி எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, '18–21, முழங்கால் வரை' என்று சீட்டில் எழுதி வாங்கினேன். (சர்க்கரை நோயால் காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு இது ஆகாது. அதனால் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.) ஆஃப் நாளில் விடியற்காலை ஐந்தரைக்கு இவரை எழுப்பி, கட்டிலில் படுத்தபடியே இன்ச் டேப்பால் அளக்கச் சொன்னேன். கணுக்காலின் மெலிந்த இடம் 21.5 சென்டிமீட்டர். கெண்டைக்காலின் தடித்த இடம் 35. குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழ்வரை 38. அடுத்த நாள் பணி முடிந்து வந்ததும் கணுக்காலை மறுபடி அளந்தேன்: 24. கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் அது ஒரு முழு அளவு வித்தியாசம். பெரியவர் என்னைத் திருப்பி அனுப்பியிருக்காவிட்டால் தொளதொளவென்று ஒன்றை 1,850 ரூபாய் கொடுத்து வாங்கியிருப்பேன்.

இரண்டாம் முறை போனபோது சீட்டைப் பார்த்து ஒரு ஜோடி எடுத்துவைத்தார். விரல் மூடியதா, திறந்ததா என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் என் காலைப் பார்த்து, "மெட்டி போட்டிருக்கிறீர்கள், திறந்ததுதான்" என்று அவரே முடிவுசெய்தார். மூடியதில் மெட்டி மாட்டி நூல் பிரிந்துவிடுமாம். மெட்டியைக் கழற்றலாமே என்று வீட்டில் ஒரு தடவை வாயெடுத்தேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. வெளிநாட்டுக் கர்ப்பிணி சிரிக்கும் பெட்டிக்குள் இருந்ததும் விரல் மூடியதுதான். மெட்டியைப் பற்றி அவர்களுக்கு யார் சொல்வார்கள்?

திறந்த விரலால் வேறு நன்மைகளும் உண்டு. மதுரை வெயிலுக்குக் கொஞ்சம் காற்று. விரல் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதைவிட, போடுவது எளிது. ஐந்தாம் மாதம் வரை நானே குனிந்து போட்டேன். ஏழாம் மாதத்தில் என் பாதம் எனக்கே கண்ணில் படவில்லை. அப்போது பெரியவர் சொன்ன வழி கைகொடுத்தது. வழவழப்பான மெல்லிய பிளாஸ்டிக் பையைப் பாதத்தில் மாட்டி, அதன்மேல் காலுறையை இழுத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். ஏறியபின் விரல் பக்கமாகப் பையை உருவிவிடலாம். இழுக்கும் கைக்கு ரப்பர் கையுறை போட்டால் பிடி வழுக்காது, நகம் பட்டும் கிழியாது. காலை ஆறு மணிக்கு, பாதி மூடிய கண்ணோடு, இரண்டு கையிலும் கையுறை மாட்டிக்கொண்டு என் காலோடு மல்லுக்கு நிற்கும் இவரைப் பார்த்து மூத்தவள், "அப்பா டாக்டர் ஆகிவிட்டார்" என்றாள். இரவுப் பணிக்கு மாலை ஆறரைக்குக் கிளம்பும்போது அரை மணி நேரம் காலை உயர்த்திப் படுத்துவிட்டுத்தான் போடுவேன். வீங்கிய காலில் போட்டால் பயன் பாதிதான்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நிறம் 'தோல் நிறம்' என்று போட்டிருக்கிறது. மதுரையில் யாருடைய தோலும் அந்த நிறத்தில் இல்லை. சித்திரை, வைகாசியில் முழங்காலுக்குக் கீழே அரிப்பு உயிரை எடுக்கும். தினமும் கையால் துவைக்க வேண்டும், முறுக்கிப் பிழியக் கூடாது, வெயிலில் போடக் கூடாது. நிழலில் மறுநாளுக்குள் காய்வதில்லை என்பதால் இரண்டு ஜோடி இல்லாமல் ஓட்ட முடியாது. ஆக விலை 1,850 இல்லை, 3,700. ஐந்தாறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும். இராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்வது இதனால் நிற்கவில்லை. முன்பே சுருட்டிய நரம்பும் மறையவில்லை.

பயன்? ஒரு வாரம் பணி முடிந்ததும் அளந்து எழுதிவைத்தேன். காலுறை இல்லாத நாளில் 24 வந்த கணுக்கால், போட்ட நாள்களில் 22-ஐத் தாண்டவில்லை. வீட்டு மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறினேன். 'இன்னும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டுமே' என்று விடியற்காலை ஆறு மணிக்கு வரும் அழுகை வரவில்லை. எனக்கு இது போதும்.

ஒரு எச்சரிக்கை. முப்பத்து மூன்றாவது வாரத்தில் ஒரு மாலைப் பணியில், காலுறை ஓரத்துத் தழும்பு வழக்கத்தைவிட ஆழமாக இருந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு மணிக்குக் கை கழுவும்போது மோதிரம் அசையவில்லை. இன்சார்ஜ் அக்கா என் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் உட்காரவைத்து இரத்த அழுத்தம் பார்த்தார்: 136/86. எனக்கு எப்போதும் 110/70. தையல் நூலை விரலில் சுற்றி மோதிரத்தை உருவினார். நோயாளிகளுக்கு நாங்கள் செய்யும் வித்தைதான். அன்றே மருத்துவரைப் பார்த்தேன். சிறுநீரில் புரதம் இல்லை, இரண்டு நாள் ஓய்வில் இறங்கிவிட்டது. இரண்டு காலும் வீங்குவது நெடுநேரம் நின்றதன் விளைவாக இருக்கலாம். முகமும் கையும் திடீரென்று வீங்கினால், தலைவலி வந்தால், கண் பூச்சி பறந்தால், மேல்வயிறு வலித்தால் அது காலுறைக்கு உரிய காரியம் இல்லை. ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான். உடனே மருத்துவமனை. பிறருக்குத் தவறாமல் சொல்கிற இதைத் தனக்குச் சொல்லிக்கொள்ள நர்சுகளுக்கு மறந்துபோகும்.

பாதி வீண் என்றேனே, அது வயிற்றைத் தாங்கும் பட்டை. அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து முதுகில் இழுத்து ஒட்டுவது. ஆறாம் மாதத்திலிருந்து இடுப்புக் கூட்டில் மளுக்கென்று பிடிக்கும் வலி இருந்தது, அதற்காக வாங்கினேன். மருந்து கொடுத்தபடி 24 படுக்கையையும் சுற்றி வரும்போது நன்றாகவே தாங்கியது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போட்டால் மூச்சு முட்டும், சற்று மேலே ஏற்றிக் கட்டினால் நெஞ்செரிச்சல் வரும். சீருடைக்கு உள்ளே கட்டினால் ஒவ்வொரு தடவை கழிப்பறைக்குப் போகும்போதும் அவிழ்க்க வேண்டும். அதற்குச் சலித்துத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், சிறுநீர்த் தொற்று வந்தது. அந்தப் பழியைப் பட்டைமேல் போடுவது நியாயமில்லைதான். ஆனாலும் போடுகிறேன். பிறகு அந்த வெல்க்ரோ சத்தம்! நள்ளிரவு இரண்டு மணிக்கு 'பர்ர்' என்று பிரித்தால் நான்கு படுக்கை தள்ளி இருக்கிறவர் எழுந்து உட்கார்ந்து "என்ன சிஸ்டர் கிழிந்தது?" என்று கேட்பார்.

பட்டையைப் பற்றி என் உண்மையான புகார் வேறு. அதைக் கட்டிக்கொண்டால் தூக்கலாம் என்று தைரியம் வருகிறது. எனக்கும் வந்தது. ஒரு பெரியவரைத் தனியாக மேலே இழுத்துப் படுக்கவைக்கப் போனேன். வார்டு அண்ணன் ஓடி வந்து, "பட்டை கட்டினால் நீங்கள் பயில்வானா?" என்று திட்டினார். நோயாளியை ஒருவர் தனியாகத் தூக்குவதற்கு அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சொல்லும் மேல்வரம்பு 35 பவுண்டு, ஏறக்குறைய 16 கிலோ. அதுவும் கர்ப்பம் இல்லாதவருக்கு. எந்தப் பட்டையும் இந்த எண்ணைக் கூட்டிவிடாது. அன்றிலிருந்து, போர்வையை நோயாளிக்கு அடியில் இரட்டையாக மடித்துவிரித்து இரண்டு பக்கமும் இரண்டு பேர் இழுப்பது என்று வைத்துக்கொண்டோம். நான் தலைப்பக்கம் நின்று எண்ணுவேன். "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்வதற்கும் ஓர் ஆள் வேண்டுமே.

ஷூவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பாதம் அகலமாகிவிடும், வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிதாக, மாலையில் போய் வாங்குங்கள் (காலுறைக்கு நேர்மாறு). பின்பக்கம் மூடியதாக, ஈரத்தரையில் வழுக்காததாக, ஊசி விழுந்தால் குத்தாதபடி முன்பக்கம் மூடியதாக இருக்கட்டும். எனக்கு 1,450 ஆனது, ஒரு ரூபாய்கூட வீண் இல்லை.

வளைகாப்பு வளையல்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பிரசவம் வரை கழற்றக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். முழங்கைக்குக் கீழே வளையல் எதுவும் இருக்கக் கூடாது என்கிறது எங்கள் தொற்றுத் தடுப்பு விதி. தினமும் லாக்கர் அறையில் சோப்பு நுரை தடவி இரண்டு கை வளையலையும் உருவி, காலியான ஒரு மருந்து அட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, திரும்பும்போது மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அத்தைக்கு இன்றுவரை தெரியாது.

காசு கொடுக்காமல் கிடைத்த பொருள்தான் எல்லாவற்றிலும் உசத்தி: மாவுக்கட்டு அறையிலிருந்து இன்சார்ஜ் அக்கா எனக்காக உருட்டிக்கொண்டு வந்த சுழல் ஸ்டூல். கட்டுப் பிரிப்பது, சர்க்கரை பார்ப்பது, ஊசி மருந்து கலக்குவது, எல்லாம் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலைகள் என்று அது வந்தபின்தான் தெரிந்தது. கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் வந்தபோது பாராட்டிப் பேசிக்கொண்டிருந்தோம், நின்றபடியே.

அந்த ஸ்டூலும் தானாக வரவில்லை. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் நான்காம் பிரிவைத் தோழி ஒருத்தி காட்டினாள் (2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, இந்த விதி அதிலும் இருக்கிறது). பிரசவ நாளுக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முந்தின ஒரு மாதம், அதாவது சுமார் முப்பதாவது வாரத்திலிருந்து, கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது, அதற்காகச் சம்பளமும் பிடிக்கக் கூடாது. ஆனால் நாம் கேட்க வேண்டும். கேட்காதவளுக்கு இல்லை. கடிதம் எழுதிக் கொடுத்தேன். "ஆள் பற்றாக்குறை" என்று ஒரு வாரம் இழுத்தார்கள். பிறகு இரவுப் பணியை நிறுத்தினார்கள், ஸ்டூல் வந்தது. 2017 திருத்தத்துக்குப் பிறகு விடுப்பு 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன் எட்டு வாரம் வரை எடுக்கலாம். எங்களில் யார் எடுக்கிறார்கள்? பிள்ளையோடு இருக்கும் நாள் குறையும் என்று கடைசிவரை நின்றுவிட்டுத்தான் போகிறோம். நானும்தான்.

கடையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பெயர் எழுதவில்லை, அந்தச் சந்தில் இன்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு இருப்பவர் அவர் ஒருவர்தான். பொருள் நல்லது, பேச்சு நேர்மை. ஆனால் பெண் ஊழியர் கிடையாது. தொடை வரையிலான காலுறை வேண்டுமென்றால் வீட்டிலேயே அளந்துவிட வேண்டும். உட்கார ஒரே ஒரு நாற்காலி, அதிலும் பெட்டிகள் அடுக்கியிருக்கும், கேட்டால் எடுத்துவைப்பார். உறை பிரித்தால் மாற்றித் தரமாட்டார். குட்டைக் கால்காரர்களுக்கான நீளம் இருப்பில் இருக்காது, சொல்லிவைத்தால் மூன்று நாளில் வரும்.

பிள்ளைக்கு இப்போது நான்கு மாதம். பிரசவத்துக்குப் பிறகும் இரத்தம் உறையும் ஆபத்து சில வாரம் இருக்கும் என்று மருத்துவர் சொன்னதால் ஆறு வாரம் தொடர்ந்து போட்டேன். போன வாரம் ஐசியூவில் இருக்கும் தோழி, நான்காம் மாதம், "உன் ஜோடியைக் கொடேன்" என்று கேட்டு வந்தாள். அவள் கெண்டைக்கால் 39. இரவுப் பணி முடிந்து நேராக வந்திருந்தாள். தூங்கி எழுந்து அளக்கச் சொல்லி இன்ச் டேப்பைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை மதியம் ஒன்றரைக்கு மூடிவிடும் என்றும் சொல்லியிருக்கிறேன்.